விரிந்த அரங்கம், ஏறிய பாரம்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24-ஆம் தேதி, அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து மைதானத்தில், மரடோனாவின் பெயரோடு சேர்ந்து உலகமெங்கும் பிரசித்தி பெற்ற ஆர்ஜென்டீனாவின் போகா ஜூனியர்ஸ் அணியை எதிர்த்து, நியூஸிலாந்திலிருந்து வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்த ஆக்லாந்து சிட்டி அணி களம் இறங்கிற்று. ஆக்லாந்து அணியினர் கால்பந்தை ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் அல்லர். கிடங்கில் வேலை பார்ப்பவர், பானக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, ஆசிரியத் தொழிலுக்குப் பயின்று வருபவர் என்று பல துறைகளிலும் உழைத்து, மாலை வேளைகளில் பயிற்சி செய்து, தங்கள் பிராந்தியத்தின் கோப்பையை வென்று வந்தவர்கள். முதல் ஆட்டத்தில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணியிடம் 10 கோல்களும், இரண்டாவது ஆட்டத்தில் போர்ச்சுக்கலின் பென்ஃபிக்காவிடம் 6 கோல்களும் வாங்கி, திருப்பி ஒரு கோல் கூடப் போட முடியாமல் நின்ற அவர்கள், அன்றும் முதல் பாதியில் ஒரு கோல் பின்தங்கியே இருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிஷங்களில் ஒரு கார்னர் கிக். பறந்து வந்த பந்தைக் கிறிஸ்டியன் கிரே என்ற தடுப்பு ஆட்டக்காரர் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அந்த ஒரு புள்ளியால் ஆக்லாந்துக்கு அடுத்த சுற்று வாய்க்கவில்லை. ஆயினும் வென்றவர்களைப் போலவே அவர்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

அதற்கு மூன்று தினங்களுக்கு முன்பு, சின்சினாட்டி நகரில் வேறொரு காட்சி. தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ் அணியும் ஜெர்மனியின் போருசியா டார்ட்மண்ட் அணியும் நடுப்பகல் 12 மணி வெயிலில் மோதிய அன்று, டார்ட்மண்டின் மாற்று ஆட்டக்காரர்கள் மைதானத்து ஓரத்துப் பெஞ்சில் உட்காராமல், உடைமாற்றும் அறைக்குள் இருந்தபடியே முதல் பாதி முழுவதையும் தொலைக்காட்சித் திரையில் பார்த்தார்கள். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பதே உடம்புக்கு ஆகாது என்று எண்ணத்தக்க வெயிலில், மற்ற பதினொருவர் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இவ்விரண்டு காட்சிகளையும் ஒருசேர வைத்துப் பார்த்தால்தான், 32 அணிகளாக விஸ்தரிக்கப்பட்ட கிளப் உலகக் கோப்பையைப் பற்றி நியாயமான ஓர் அபிப்பிராயத்துக்கு வர முடியும். அரங்கத்தை அகலப்படுத்தியது தர்மமான காரியம். அகலப்படுத்தியதன் செலவை ஆட்டக்காரர்களின் சரீரத்தின்மேல் ஏற்றி வைத்தது அதர்மம். முன்னதைப் போற்றுவதற்காகப் பின்னதை மறைப்பதும், பின்னதைக் கண்டிப்பதற்காக முன்னதை மறுப்பதும் ஒரே மாதிரியான பிழைகளே.

இரு கண்டங்களின் பந்தயம்

உலகத்திலேயே சிறந்த கிளப் எது என்ற கேள்வி புதியதன்று. 1960-ஆம் ஆண்டில் ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் தமக்குள் மோதிப் பார்க்கும் ‘இன்டர்கான்டினென்டல் கோப்பை’ தொடங்கியது. முதல் ஆண்டில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், உருகுவேயின் பென்யரோல் அணியோடு மான்டிவிடியோவில் கோலின்றிச் சமன் செய்து, மாட்ரிட்டில் 5-1 என்று வென்றது. ஆனால் அந்தப் பந்தயம் வெகுவிரைவில் முரட்டு ஆட்டத்துக்கும் மனக்கசப்புக்கும் இடமாகிவிட்டபடியால், எழுபதுகளில் ஐரோப்பிய சாம்பியன்கள் சில ஆண்டுகளில் போகவே மறுத்தார்கள். 1975-இலும் 1978-இலும் போட்டியே நடக்கவில்லை. 1980-ஆம் ஆண்டுக் கோப்பை முதல் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஒரே ஆட்டமாக நடத்தும் ஏற்பாடு வந்தபின்பே அதற்குப் புத்துயிர் கிடைத்தது. அப்போதும் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் அந்த மேடையில் இடமில்லை; பந்தயம் ஆசிய மண்ணில் நடந்தது, ஆசிய அணி அதில் ஆட முடியவில்லை.

அந்தக் குறையைப் போக்க 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரேஸிலில் எட்டு கிளப்புகளைக் கொண்டு உலகக் கால்பந்து ஸ்தாபனமான ஃபிஃபா நடத்திய முதல் முயற்சியில், மரக்கானா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொரிந்தியன்ஸ் அணி வாஸ்கோ ட காமா அணியைப் பெனால்டிகளில் வென்றது. இதில் கலந்துகொள்ளும்பொருட்டு மான்செஸ்டர் யுனைடெட், இங்கிலாந்தின் மிகப் புராதனமான எஃப்.ஏ. கோப்பையிலிருந்தே அந்த ஆண்டு விலகிக்கொண்டது. பந்தயங்கள் பெருகினால் ஏதேனும் ஒன்று பலியாக வேண்டும் என்ற உண்மை அன்றைக்கே பிரத்தியட்சமாயிற்று. 2001-இல் ஸ்பெயினில் 12 கிளப்புகளோடு நடக்கவிருந்த அடுத்த போட்டி, ஃபிஃபாவின் வர்த்தகப் பங்காளியான ஐ.எஸ்.எல். நிறுவனம் திவாலானதைத் தொடர்ந்து கைவிடப்பட்டது. 2005 முதல் ஆறு, பிறகு ஏழு கிளப்புகளோடு ஆண்டுதோறும் சிறிய அளவில் நடந்துவந்தது.

அந்தச் சிறிய போட்டியின் அமைப்பிலேயே ஓரவஞ்சனை இருந்தது. ஐரோப்பாவின் சாம்பியனும் தென் அமெரிக்காவின் சாம்பியனும் நேரே அரையிறுதியில் வந்து இறங்குவார்கள். மற்றக் கண்டங்களின் சாம்பியன்கள் ஒருவரோடொருவர் மோதிக் களைத்தபின் அவர்களை எதிர்கொள்ள வேண்டும். அப்படியிருந்தும் 2010-இல் காங்கோவின் டி.பி. மஸெம்பே, 2013-இல் மொராக்கோவின் ராஜா காஸாபிளாங்கா, 2016-இல் ஜப்பானின் காஷிமா ஆன்ட்லர்ஸ் ஆகிய மூன்றும் தென் அமெரிக்க சாம்பியன்களை வீழ்த்தி இறுதி ஆட்டம்வரை சென்றன. வாய்ப்பு இருக்குமிடத்தில் திறமை வெளிப்படும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. எனினும் 2013 முதல் 2023 வரை பதினொரு கோப்பைகளையும் ஐரோப்பிய அணிகளே தொடர்ந்து வென்றதனால், பார்ப்பவர்களின் உற்சாகம் வற்றிப் போயிற்று.

அமைப்பு எப்படி?

போட்டியை விரிவாக்கும் யோசனை, ஃபிஃபாவின் தலைவர் ஜியானி இன்ஃபான்டினோவின் நெடுநாளைய விருப்பம். 2021-இல் சீனாவில் 24 கிளப்புகளோடு நடத்துவதாக முதலில் தீர்மானமாயிற்று. கொரோனா நோய் அதைக் கலைத்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் 32 கிளப்புகள் என்ற அறிவிப்பு வந்து, 2025 ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை அமெரிக்காவின் 11 நகரங்களில், 12 மைதானங்களில் அது நிறைவேறியது. நாலு நாலாக எட்டுப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்கு. அதன்பின் தோற்றவர் வெளியேறும் நாக்-அவுட் முறை. ஆக மொத்தம் 63 ஆட்டங்கள். கோப்பையை வெல்பவர் ஏழு ஆட்டங்கள் ஆட வேண்டும். நாடுகளின் உலகக் கோப்பை 1998 முதல் 2022 வரை எந்த அமைப்பில் நடந்ததோ, ஏறக்குறைய அதே அமைப்பு இது.

இடங்களைப் பங்கிட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஐரோப்பாவுக்கு 12, தென் அமெரிக்காவுக்கு 6, ஆசியா, ஆப்பிரிக்கா, வட-மத்திய அமெரிக்கா ஆகிய மூன்றுக்கும் தலா 4, ஓஷியானியாவுக்கு 1, போட்டியை நடத்தும் நாட்டுக்கு 1. நான்கு ஆண்டுகளின் கண்ட சாம்பியன்கள் முதலில் இடம் பெற்றார்கள். எஞ்சிய இடங்கள் தரவரிசைப்படி நிரப்பப்பட்டன. ஒரு நாட்டுக்கு இரண்டு இடங்களுக்கு மேல் இல்லை என்பது விதி. ஒரே நாட்டிலிருந்து இரண்டுக்கும் மேற்பட்டவர்கள் கண்ட சாம்பியன்களாக ஆகியிருந்தால் மட்டும் விலக்கு. இந்த விலக்கினால் பிரேஸில் 4 கிளப்புகளை அனுப்பியது. இந்த விதியினால் பார்ஸிலோனாவும் லிவர்பூலும் வீட்டில் இருக்க, ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் உள்ளே வந்தது. பெரிய பெயர்களின் அபிமானிகள் இதை அநியாயம் என்றார்கள். நாம் அப்படி எண்ணுவதற்கில்லை. பெயரின் பெருமைக்காக விதியை வளைக்காததுதான் ஒரு போட்டிக்குக் கௌரவம்.

ஆனால் அதே கண்டிப்பு எல்லா இடத்திலும் உரிய காலத்தில் காட்டப்படவில்லை. மெக்ஸிகோவின் லியோன் அணியும் பச்சூக்கா அணியும் ஒரே முதலாளிகளுக்குச் சொந்தமானவை என்ற காரணத்தால், தகுதி பெற்றிருந்த லியோன் 2025 மார்ச்சில்தான் நீக்கப்பட்டது. அந்த இடத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸ் எஃப்.சி.யும் கிளப் அமெரிக்காவும் மே 31-ஆம் தேதி மோதி, லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளே வந்தது. போட்டி தொடங்க இரண்டு வாரமே இருக்கையில் ஓர் அணி உறுதியாவது, உலக ஸ்தாபனம் ஒன்றுக்குப் பெருமை தரும் நிர்வாகம் அன்று.

மைதானம் சொன்ன தீர்ப்பு

விஸ்தரிப்பை எதிர்த்தவர்களின் பிரதான வாதம், ஐரோப்பாவின் பணக்கார அணிகளுக்கு முன் மற்றவை நிற்க முடியாது, போட்டி ஒருதலைப்பட்சமாகிவிடும் என்பதே. ஆக்லாந்து வாங்கிய 10 கோல்கள் அந்த வாதத்துக்குப் பக்கபலம் போலத்தான் தோன்றின. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் வந்த செய்திகள் வேறு.

மே 31-ஆம் தேதி மியூனிக் நகரில் இன்டர் மிலானை 5-0 என்று துவைத்து ஐரோப்பிய சாம்பியனான பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியை, ஜூன் 19 அன்று பஸடீனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் பிரேஸிலின் போட்டஃபோகோ 1-0 என்று தோற்கடித்தது. மறுநாள் ஃபிலடெல்ஃபியாவில் மற்றொரு பிரேஸில் அணியான ஃப்ளமெங்கோ, இங்கிலாந்தின் செல்சியை 3-1 என்று வென்றது. நான்கு பிரேஸில் அணிகளும் பிரிவுச் சுற்றைத் தாண்டின. 40 வயதான தியாகோ ஸில்வா தடுப்பில் நின்று வழிநடத்த, 44 வயதான ஃபாபியோ கோல் காத்த ஃப்ளுமினென்ஸ் அணி, இன்டர் மிலானை 2-0 என்று வெளியேற்றி அரையிறுதி வரை சென்றது.

எல்லாவற்றுக்கும் மேலானது ஜூன் 30 இரவு ஆர்லாண்டோ நகரில் நடந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியும் சவூதி அரேபியாவின் அல் ஹிலாலும் மோதிய அந்த ஆட்டத்தில், ஒன்பதாவது நிமிஷத்திலேயே சிட்டி கோல் போட்டது; இடைவேளை முடிந்து வந்த வேகத்தில் அல் ஹிலால் இரண்டு கோல்கள் போட்டது; ஹாலண்ட் சமன் செய்தார்; கூடுதல் நேரத்தில் கூலிபாலி முன்னிலை தர, ஃபோடன் மறுபடி சமன் செய்ய, 112-ஆவது நிமிஷத்தில், கோல்கீப்பரின் கையில் பட்டுத் திரும்பிய பந்தை மார்கோஸ் லியோனார்டோ வலைக்குள் தள்ளி 4-3 என்று முடித்தார். அதுவரை சிட்டியின் உதைகளை அடுக்கடுக்காகத் தடுத்து நின்றவர் மொராக்கோவின் கோல்கீப்பர் யாசின் போனோ. 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் நம் மும்பை சிட்டி அணியை ரியாத் நகரில் 6-0 என்று வென்ற அதே அல் ஹிலால்தான் இது. சவூதிப் பணத்தால் வாங்கப்பட்ட ஆட்டக்காரர்கள் என்று இதைத் தள்ளிவிடுவார் உண்டு. பணத்தால் அணி கட்டுவது குற்றமென்றால், தோற்ற அணியையும் அதே குற்றப் பத்திரிகையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவின் 12 அணிகளில் 9 பிரிவுச் சுற்றைத் தாண்டின. ஆப்பிரிக்காவின் நான்கும் அந்தச் சுற்றோடு திரும்பின. ஆசியாவில் அல் ஹிலாலைத் தவிர மற்ற மூன்றும் அப்படியே. அரையிறுதி நால்வரில் மூவர் ஐரோப்பியர். கோப்பை, இறுதியில் பாரிஸ் அணியை 3-0 என்று வென்ற செல்சிக்கு. கோல் பாமர் இரண்டு கோல்களும் ஜோவாவ் பெட்ரோ ஒரு கோலும் போட்ட அந்த ஆட்டத்தை, நியூ ஜெர்ஸியின் மெட்லைஃப் மைதானத்தில் 81,118 பேர் பார்த்தார்கள். ஆக, சிகரம் இன்னும் ஐரோப்பாவிடமே இருக்கிறது. ஆனால் சிகரத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையில் உள்ள தூரம் நாம் எண்ணியிருந்ததைவிடக் குறைவு என்பதை இந்த ஒரு மாதம் நிரூபித்துவிட்டது. ஏழு அணிகள் ஆடிய பழைய போட்டியால் இந்த உண்மை நமக்குத் தெரிந்திருக்கவே முடியாது.

பணமும் பங்கீடும்

ஃபிஃபா இந்தப் போட்டிக்கு ஒதுக்கிய பரிசுத் தொகை 100 கோடி டாலர். அதில் 52.5 கோடி டாலர், கலந்துகொண்டதற்காகவே தரப்பட்டது, 47.5 கோடி, வெற்றிகளுக்கேற்பத் தரப்பட்டது. ஒளிபரப்பு உரிமையை டாஸன் நிறுவனம் உலகம் முழுவதற்குமாக வாங்கி, ஆட்டங்களைக் கட்டணமின்றிக் காட்டிற்று; கையில் செல்போன் உள்ள ஏழை ரஸிகனும் பார்க்க முடிந்தது என்பது பெரிய நன்மை.

ஆயின் பங்கீட்டில் பழைய வருண முறை அப்படியே இருந்தது. கலந்துகொண்டதற்கான தொகையாக ஐரோப்பிய அணிகளுக்கு 1.281 கோடி முதல் 3.819 கோடி டாலர் வரையும், தென் அமெரிக்க அணிகளுக்குத் தலா 1.521 கோடியும், ஆப்பிரிக்க, ஆசிய, வட-மத்திய அமெரிக்க அணிகளுக்குத் தலா 95.5 லட்சமும், ஆக்லாந்துக்கு 35.8 லட்சமும் நிர்ணயமாயின. ஒரே மைதானத்தில், ஒரே விதியின்கீழ், ஒரே பந்தை உதைப்பதற்கு ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைப்பதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஜெயித்தவனுக்குக் கூடுதல் பரிசு கொடுப்பதை யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆட்டம் தொடங்குமுன்னரே, பிறந்த கண்டத்தைப் பார்த்து விலை வைப்பதுதான் ஆட்சேபத்துக்குரியது.

டிக்கெட் விற்பனையிலும் ஒரு பாடம் இருக்கிறது. தேவைக்கேற்ப விலை ஏறி இறங்கும் முறையில், செல்சி-ஃப்ளுமினென்ஸ் அரையிறுதிக்கான டிக்கெட் 473 டாலருக்கு மேலிருந்து 13 டாலர் அளவுக்குச் சரிந்தது. ரோஸ் பௌலில் பாரிஸ்-அட்லெட்டிகோ ஆட்டத்துக்கு 80,000 பேருக்கு மேல் திரண்டார்கள். அட்லான்டாவில் செல்சியின் முதல் ஆட்டத்துக்கு 70,000 பேர் அமரக்கூடிய மைதானத்தில் 22,137 பேரே வந்தார்கள். கூட்டத்தை எதிர்பார்த்து மைதானத்தைப் பிடித்தவர்கள், உள்ளூர் மனிதர்களின் வேலை நாளையும் கையிருப்பையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

வெயிலும் மின்னலும்

நடுப்பகலில் ஏன் ஆட வைத்தார்கள் என்ற கேள்விக்கு விடை கடிகாரத்தில் இருக்கிறது. பஸடீனாவில் பகல் 12 மணி என்றால் பாரிஸில் இரவு 9 மணி. ஐரோப்பியர்கள் இரவு உணவை முடித்துவிட்டுத் திரைக்கு முன் உட்காரும் நேரத்துக்காக, கலிஃபோர்னியாவின் உச்சி வெயிலில் ஆட்டக்காரர்கள் ஓடினார்கள். அங்கே பாரிஸ் அணியோடு ஆடிய அட்லெட்டிகோவின் மார்கோஸ் யோரென்டே, கால் விரல்களும் நகங்களும் வலித்தன என்று ஆட்டத்துக்குப் பின் வெளிப்படையாகவே சொன்னார்.

வெயில் ஒரு பக்கம் என்றால் இடி மின்னல் மறுபக்கம். அருகில் மின்னல் கண்டால் ஆட்டத்தை 30 நிமிஷம் நிறுத்துவது அமெரிக்க மைதானங்களின் பாதுகாப்பு முறை. மறுபடி மின்னினால் மறுபடி முதலிலிருந்து 30 நிமிஷம். ஷார்லட் நகரில் செல்சி 1-0 என்று முன்னணியில் இருக்க, 86-ஆவது நிமிஷத்தில் நின்ற ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத் தொடர்ந்தது. பென்ஃபிக்காவின் டி மரியா பெனால்டியில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் செல்சி 4-1 என்று வென்றது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை 4 மணி 38 நிமிஷம்! செல்சியின் பயிற்சியாளர் என்ஸோ மரெஸ்கா இதைக் கால்பந்து என்று சொல்ல முடியாது என்று கடிந்துகொண்டார். பாதுகாப்பு விதியைக் குறை கூறுவது பொருந்தாது. இடி மின்னல் மலிந்த பருவத்தில், திறந்த மைதானங்களில், பிற்பகல் நேரங்களில் அட்டவணை போட்டதுதான் குறை.

யார் தோளில் பாரம்?

பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணி 2024-25 பருவத்தில் மொத்தம் 65 ஆட்டங்கள் ஆடிற்று, செல்சி 64. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அதே பருவத்தில்தான் 36 அணிகளாக விரிந்தது. நாடுகளின் உலகக் கோப்பையும் 2026-இல் 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்றாயிற்று. ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் பந்தயத்தைப் பெரிதாக்குகிறது. எதுவும் தன் பந்தயத்தைச் சிறிதாக்க முன்வருவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஆளாளுக்கு ஒரு வேலை ஏவ, எல்லா வேலையும் வந்து விழுவது ஒரே மருமகளின் தலையில் என்பது போல, எல்லா விஸ்தரிப்புகளும் வந்து விழுவது ஆட்டக்காரனின் முழங்காலில்.

இது திடீரென்று எழுந்த புகார் அன்று. 2024 ஜூனில் இங்கிலாந்து, பிரான்ஸ் நாடுகளின் ஆட்டக்காரர் சங்கங்கள் பிரஸ்ஸல்ஸில் ஃபிஃபாமீது வழக்குத் தொடுத்தன. அக்டோபரில் ஐரோப்பிய லீக்குகளும், உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோவின் ஐரோப்பியக் கிளையும் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தன. அதே ஆண்டு செப்டம்பரில், ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்ன மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, சில நாட்களுக்குள்ளேயே முழங்கால் தசைநார் அறுந்து பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். 2025 ஜூலை 5-இல் அட்லான்டாவில் பயர்ன் அணியின் ஜமால் முசியாலா, கோல்கீப்பருடன் மோதிக் கால் எலும்பு முறிந்து விழுந்தார். ஒரு மோதலுக்குக் காலண்டரைக் காரணம் சொல்வது நியாயமாகாது. ஆனால் ஓய்வெடுக்க வேண்டிய ஜூலை மாதத்தில் அந்த இளைஞர் களத்தில் நின்றதற்குக் காலண்டரன்றி வேறு காரணம் இல்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு நியூயார்க்கில் ஆட்டக்காரர் சங்கங்கள் சிலவற்றோடு ஃபிஃபா பேசி, இரண்டு ஆட்டங்களுக்கிடையே குறைந்தது 72 மணி நேரமும், ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் குறைந்தது 21 நாட்களும் ஓய்வு வேண்டும் என்ற கருத்தொற்றுமைக்கு வந்தது. நல்ல வார்த்தை, ஆயின் வார்த்தை விதியாக வேண்டும், விதியை மீறுகிறவருக்குத் தண்டனை வேண்டும்.

செய்ய வேண்டியவை

அடுத்த போட்டி 2029-இல். அதை 48 கிளப்புகளாக்கலாம், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தலாம் என்ற பேச்சுகள் இப்போதே காதில் விழுகின்றன. இவற்றுக்கு இடங்கொடுத்தால், பெற்ற நன்மையும் பாழாகும். 32 அணிகளும் நான்கு ஆண்டு இடைவெளியும் போதுமானவை. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதனால்தான் அதற்கு ஒரு மதிப்பு. ஆட்ட நேரத்தை நிர்ணயிக்கும்போது, பார்ப்பவரின் ஊர்க் கடிகாரத்துக்கு முன்பாக ஆடுபவரின் ஊர் வெயிலைப் பார்க்க வேண்டும். கலந்துகொள்வதற்கான தொகையை எல்லாக் கண்டங்களுக்கும் சமமாக வைத்து, வித்தியாசத்தை வெற்றிக்கு விட்டுவிட வேண்டும். போட்டி நடக்கும் ஆண்டில் ஐரோப்பிய ஸ்தாபனங்களும் உள்நாட்டு லீக்குகளும் தத்தம் ஆட்டங்களில் சிலவற்றையேனும் விட்டுக்கொடுக்க வேண்டும். ஃபிஃபாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தாங்கள் மட்டும் விரிந்துகொண்டே போவது அவர்களுக்கும் அழகன்று.

கிளப் கால்பந்து இருபது பணக்கார அணிகளின் சொத்து அன்று என்பதை 2025-ஆம் ஆண்டுப் போட்டி நிலைநாட்டிவிட்டது. அந்த வெற்றியை யாரும் திரும்பப் பெறக் கூடாது. இனி அதை விரிக்க வேண்டிய தேவை இல்லை. ஆடுகிறவர்களுக்கு ஓய்வும் சமமான ஊதியமும் தந்து, சீர்படுத்த வேண்டிய தேவையே இருக்கிறது. நள்ளிரவில் கண்விழித்துப் பார்க்கும் ரஸிகர்களாகிய நாமும், இன்னும் இன்னும் ஆட்டங்கள் வேண்டும் என்று கேட்பதை நிறுத்தி, நல்ல ஆட்டங்கள் வேண்டும் என்று கேட்கத் தொடங்குவோமாக.